பேராசிரியர் எர்ன்ஸ்ட் அபே

கல்வியும் தொழிலும் அரசும் தனித்தனியே நின்றால் ஓர் ஊர் உயர்தல் அரிது. மூன்றும் கைகோத்தவழிச் சிறு நகரமும் உலகறியும் நகரமாகும். இதற்கு ஜெர்மனி நாட்டு அறிஞர் எர்ன்ஸ்ட் அபேயின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

அபே 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள் ஐஸனாக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நூலாலையொன்றில் நாள்தோறும் 14 மணி முதல் 16 மணி வரை நின்றே உழைத்தவர். பகலுணவு கொண்டு செல்லும் சிறுவராகிய அபே, தந்தையார் எந்திரத்தின்மேற் சாய்ந்து நின்றபடியே விரைந்து உண்பதைக் காண்பார். அக்காட்சி அவருள்ளத்தை விட்டு என்றும் அகலவில்லை. ஆலை முதலாளியின் உதவியாற் கற்று, 1861இல் டாக்டர் பட்டம் பெற்று, 1863இல் யேனாப் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளரானார்.

அந்நகரில் கார்ல் சைஸ் என்பார் நுண்ணோக்கி செய்யும் பட்டறை நடத்திவந்தார். வில்லைகளைப் பலகாலும் பொருத்திப் பார்த்துத் திருத்துவதே அக்காலத் தொழில் முறை. இக்குறையை நீக்கக் கருதிய சைஸ், 1866இல் அபேயின் துணையை நாடினார். அபே ஒளியின் இயல்பை ஆராய்ந்து கணக்கிட்டார். 1872 முதல் சைஸ் பட்டறையின் நுண்ணோக்கிகள் அக்கணக்கின்படியே அமைந்தன. ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிதற்கு இவர்தம் கருவிகள் துணைநின்றன.

ஆயினும் கணக்கிற்கு ஏற்ற கண்ணாடி கிடைத்திலது. ஆட்டோ ஷாட் என்னும் இரசாயன அறிஞரை அபே யேனாவிற்கு வருவித்தார். 1884இல் கண்ணாடி ஆய்வுச்சாலை எழுந்தது. யேனா பிரஷ்யாவின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. எனினும் பிரஷ்ய அரசாங்கம் அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி அளித்தது. புதுக்கண்ணாடியால் 1886இல் நிறப்பிழை மிகக் குறைந்த வில்லைகள் தோன்றின.

1888இல் சைஸ் மறைந்தார். தொழிலிற் பங்காளராயிருந்த அபே பெருஞ்செல்வராய் வாழ்ந்திருக்கலாம். அவரோ பல்கலைக் கழக அறிவால் விளைந்த செல்வம் தமக்கே உரியதன்று எனக் கருதினார். 1889இல் சைஸ் பெயரால் அறநிலையம் நிறுவி, 1891இல் தம் பங்கினை அதற்கே ஈந்தார். அதன் மேற்பார்வை வைமார் அரசின் அமைச்சினிடம் அமைந்தது; ஊதியத்தின் ஒரு கூறு பல்கலைக் கழகத்திற்குச் சென்றது; தொழிலாளர்க்கு ஓய்வூதியமும் இலாபப் பங்கும் வகுக்கப்பட்டன. 1900இல் அத்தொழிற்சாலையில் வேலைநேரம் எட்டு மணியாயிற்று. தந்தையாரின் துயரை மறவாத மைந்தரின் செயல் இது.

அபே 1905ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் உயிர் நீத்தார். கற்ற கல்வியைத் தொழிலுக்கு ஈந்தார். தொழிலின் பயனைக் கல்விக்கும் உழைப்பாளர்க்கும் மீட்டளித்தார். கல்லூரியிற் பயிலும் நாம் பெற்றதனை எவர்க்குத் திருப்பி அளிக்கப் போகின்றோம் என்பதே இவர் வாழ்க்கை நம்மிடம் வினவும் வினா.