மைக்கேல் புவோனோகோர் சரித்திரம்

தருமபுரி ஜில்லாவிலே நிலத்தடி நீரைப் பருகி வளர்ந்தோர் பலர்க்குப் பற்கள் மஞ்சளும் கபிலமுமாய்க் கறைபட்டிருத்தலை யாவரும் அறிவர். பல் உருவாகும் இளம் பருவத்தில் நீர்வழி மிகுதியாய்ச் சேரும் புளோரைடே அதற்குக் காரணம். லிட்டர் ஒன்றுக்கு 1.5 மில்லிகிராமை அது மிஞ்சலாகாதென்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றுக் காவிரி நீர் வரலாயிற்று. ஆயினும் முன்னரே ஊறிய கறை துலக்கினால் நீங்குவதன்று. அத்தகைய பல்லின் முகத்தே மெல்லிய பீங்கான் தகட்டை ஒட்டி மறைக்கும் சிகிச்சை இக்காலத்துண்டு. அத்தகடு கழலாது நிற்றற்கு அடிகோலியவர் மைக்கேல் புவோனோகோர் என்னும் அறிஞர்.

1918-இல் அமெரிக்காவிற் பிறந்த இவர், ரசாயனமும் தந்த வைத்தியமும் ஒருங்கே கற்றவர். ராச்செஸ்டர் நகரில், கோடக் கம்பெனியை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கொடையால் எழுந்த பல் வைத்தியசாலையிலே ஆராய்ச்சி புரிந்தார். அந்நாளிற் பல்லில் இட்ட அடைப்புகள் பல்லோடு ஒட்டுவனவல்ல. பிடிப்புண்டாகும் பொருட்டு நலமுள்ள பகுதியையுங் குடைதல் வேண்டியிருந்தது. உலோகத்துக்குச் சாயம் பூசுமுன் பாஸ்பாரிக் திராவகம் இட்டால் சாயம் நன்கு பற்றும் என்னும் தொழிற்சாலை வழக்கம் இவர் கருத்தை ஈர்த்தது. பல்லுக்கும் அஃது ஏற்குமோவென ஆராயப் புகுந்து, 85 சதவீதத் திராவகத்தைப் பல்லின் எனாமல்மீது 30 விநாடி தடவிக் கழுவினார். அதன்மேல் இட்ட அக்ரிலிக் பிசின் முன்னினும் நெடுநாள் பற்றி நின்றது. இம்முடிபை 1955-இல் வெளியிட்டார். திராவகம் ஆக்கும் நுண்குழிகளுட் பிசின் வேர்போல் இறங்குதலே காரணமென்பது பின்னர்ப் புலனாயிற்று.

வைத்திய உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. இவரோ சோர்ந்தாரல்லர், சிறார் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களைப் பிசினால் மூடிச் சொத்தை வாராது காக்கும் முறையையும் வகுத்தளித்து, 1981-இல் மறைந்தார்.

இவர் நெறியைப் பீங்கானுக்கும் விரித்து 1983-இல் சைமன்சென், கலாமியா இருவரும் ஆராய்ச்சி வெளியிட்டனர். ஹைட்ரோபுளோரிக் திராவகம் பீங்கானிலுள்ள கண்ணாடிக் கூற்றை அரித்து நுண்குழியாக்கும். பின்னர்ப் பூசும் சைலேன் ஒரு கையாற் பீங்கானையும் மறு கையாற் பிசின் சிமெண்டையும் பற்றும். கண்ணாடிக் கூறில்லாச் சிர்க்கோனியாவுக்கு இஃது உதவாமையின், அலுமினாப் பொடியை விசையோடு வீசி, பாஸ்பேட்டுக் கூறுடைய பிசினால் ஒட்டுகின்றனர்.

புளோரைடாற் கறைபட்ட பல்லுக்கு, புளோரின் சேர்ந்த திராவகத்தாற் பதஞ்செய்த பீங்கானே அழகு தருதல் வியப்பன்றோ! எனினும் இச்சிகிச்சை பொருட்செலவுடையது. ஏழைச் சிறார்க்கு நன்னீரே முதற்காப்பு. மாணவ அன்பர்காள்! சாயம் பூசும் தொழிலாளர் வழக்கத்தை எளிதென்று இகழாது நோக்கியமையாலன்றோ இப்பெரியார் தந்த வைத்தியத்துக்குப் புதுநெறி கண்டார்! நம்மூர்க் கிணற்றையும் பட்டறையையும் அவ்வாறே ஊன்றி நோக்குதல் நம் கடனாகும்.