மைக்கேல் பாரடேயும் தொடாமற் பாயும் மின்சாரமும்

இக்காலத்தார் வழங்கும் மின்சாரச் சவரக் கருவிகளிலும் பல் துலக்கும் மின் துலக்கிகளிலும் ஒருவகை உண்டு. அவற்றின் அடியிற் செருகு துளை இல்லை. உலோக முனையும் இல்லை. உடல் முழுவதும் மூடிய பிளாஸ்டிக்கே. எனினும் கருவியை அதற்குரிய பீடத்தின்மேல் நிறுத்திய அளவில், உள்ளிருக்கும் மின்கலம் சிறிது சிறிதாக நிரம்புகின்றது. பீடத்தின் மூடி ஒன்று, கருவியின் அடிப்புறம் ஒன்று என இரண்டு தடுப்புகள் இடையே நிற்கவும், மின்சாரத்தின் ஆற்றல் ஒன்றையும் தொடாமல் அப்பாற் செல்கின்றது. சோப்பு நீர் பட்டுக் கறுத்துக் கெடுதற்கு ஒரு முனையும் வெளியே இன்மையால், நீர் புழங்கும் இடத்திற்கு இக்கருவி மிகவும் ஏற்றதாயிற்று. பீடத்தில் நிறுத்தி மின்னேற்றும் கருவிகள் அனைத்தும் இவ்வகையின என்று எண்ணற்க; சிலவற்றிற் சிறு உலோக முனைகள் இருத்தலுங் கூடும்.

விளம்பரம் எழுதுவோர் இதனைப் புத்தம் புதுமை என்பர். ஆயின் இதன் உயிர்நிலை 1831-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரில், ஒரு கட்டடத்தின் கீழறையில், கொல்லன் மகன் ஒருவராற் காணப்பட்டுவிட்டது. மைக்கேல் பாரடே என்னும் அப்பெரியாரின் வரலாற்றை, அவ்வோர் ஆண்டின் செய்தியைச் சிறிது விரித்தும் ஏனையவற்றைச் சுருக்கியும், எம் கல்லூரி அன்பர்கட்குச் சொல்லப் புகுகின்றோம்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தனர். தந்தையார் ஜேம்ஸ், இங்கிலாந்தின் வடபகுதியினின்றும் பிழைப்பு நாடித் தலைநகர்க்குக் குடிபெயர்ந்த கொல்லர், நோயாளி. பட்டறையில் நாள் முழுதும் நிற்க இயலாதவர். 1801-இல் தானிய விலை ஏறியபோது, பத்து வயதுச் சிறுவனுக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டியே பங்காகக் கிடைத்தது. அதனைக் கூறுபோட்டு ஏழு நாளும் உண்ண வேண்டியிருந்தது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் அன்றிப் பள்ளியில் அவர் வேறொன்றும் கற்றிலர்.

1804-இல் ரீபோ என்னும் புத்தக வாணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்து, வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டு கொடுத்தனர். அடுத்த ஆண்டு அவரிடமே புத்தகங் கட்டுந் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சிக்கு அமர்ந்தனர். பையனின் வறுமையும் நன்னடையும் கண்ட அவ்வணிகர், வழக்கமாக வாங்கும் பயிற்சிப் பணத்தை வாங்காது விடுத்தனர். தைத்து அட்டை கட்டுமாறு கைக்கு வந்த நூல்களே பாரடேயின் ஆசிரியர்களாயின. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியும், ஜேன் மார்செட் அம்மையார் உரையாடலாக எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வெறும் வாசிப்பில் அவர் அமைந்திலர். கைக்காசிற்கு அகப்பட்ட பொருள்களைக் கொண்டு, நூலிற் கூறியது மெய்யோ என்று தாமே செய்து பார்த்தனர். இவ்வழக்கமே பின்னர் அவருடைய பெருஞ்செல்வமாயிற்று.

1812-இல், கடைக்கு வந்த அன்பர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டுகளாற் பாரடே ராயல் இன்ஸ்டிடியூஷன் சென்று, ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்டனர். கேட்டவற்றைப் படங்களுடன் எழுதித் தம் கையாலேயே அழகுறக் கட்டி, வேலை வேண்டும் என்னும் விண்ணப்பத்தோடு டேவிக்கு அனுப்பினர். கற்றது புத்தகங் கட்டுந் தொழில் எனினும், அத்தொழிலே அவரை அதனினின்றும் விடுவித்தது. 1813 மார்ச்சுத் திங்கள் முதல் நாள், வாரம் 25 ஷில்லிங்கும் மேன்மாடத்தில் இரண்டு அறைகளும் பெற்று, அவ்விடத்தில் உதவியாளராயினர்.

அவ்வாண்டின் இறுதியில் டேவி தம் மனைவியாருடன் ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டபோது பாரடேயும் உடன் சென்றனர். டேவியின் பணியாள் வரமறுத்தமையால் அவன் வேலையும் இவர் தலையில் விழுந்தது. செல்வச் செருக்குடைய டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினர். எனினும் அச்செலவில் வோல்ட்டா, ஆம்பியர் முதலியோரைக் காணும் பேறு வாய்த்தது. ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டவர், பின்னர் ராயல் இன்ஸ்டிடியூஷனை விட்டு வேறிடம் நாடினாரல்லர்.

1820-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட், மின்சாரம் ஓடுங் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புதலைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். மறு ஆண்டு செப்டம்பரிற் பாரடே, பாதரசக் கிண்ணத்தில் ஒரு காந்தத்தை நிறுத்தி, அதன்மேல் தொங்கவிட்ட கம்பியில் மின்சாரம் செலுத்தினர். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரத்தாற் சுழலும் பொறிகட்கெல்லாம் அதுவே மூதாதை. சவரக் கருவியின் வயிற்றினுள் நின்று கத்தியை இயக்கும் சிறு மோட்டாரும் அக்கிண்ணத்தின் வழித்தோன்றலே.

பெரும் புகழ் வரவேண்டிய அவ்வேளையிற் பெரும்பழி வந்தது. வொல்லாஸ்டன் என்னும் முதுபேரறிஞர் இதனை ஒத்ததொரு முயற்சியில் முன்னரே ஈடுபட்டிருந்தனர். அவர் டேவியுடன் அதுபற்றி உரையாடியதைப் பாரடே கேட்டிருந்தனர். கம்பி தன் அச்சிலேயே சுழலும் என்பது வொல்லாஸ்டன் எண்ணம். காந்தத்தை வலம்வரும் என்பது பாரடே கண்டது. இரண்டும் வேறாயினும், வொல்லாஸ்டன் பெயரைக் குறியாது கட்டுரையைப் பாரடே விரைந்து வெளியிட்டமையின், பிறர் கருத்தைக் கவர்ந்தார் என்னும் பேச்சு எழுந்தது. ஏழைக்கு உடைமை தன் நற்பெயர் ஒன்றே. பாரடே நெஞ்சு நொந்து, வொல்லாஸ்டனை நேரிற் கண்டு தம் நிலையைக் கூறினர். அப்பெரியவர் பகை பாராட்டினாரல்லர். ஆனால் 1824-இற் பாரடே ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காலை, அதனை எதிர்த்தவர் அச்சபைத் தலைவரும் பாரடேயின் ஆசானுமாகிய டேவியே. டேவியின் பெருமையை யாம் மறுக்கவில்லை. எனினும் இதனை எம்மால் மறைத்தல் இயலாது. பாரடேயோ தம் ஆசானைப் பற்றி இறுதிவரை மதிப்போடே பேசினர்.

மின்சாரம் காந்தத்தைப் பிறப்பிக்குமாயின், காந்தம் மின்சாரத்தைப் பிறப்பியாதோ? இவ்வினா பத்தாண்டுகள் அவரை விடாது பற்றியது. இடையிடையே முயன்றனர், ஒன்றும் தோன்றவில்லை. நாட்களைப் பிற பணிகள் உண்டன. 1825-இற் பென்சீன் என்னும் பொருளைக் கண்டனர்; தொலைநோக்கிக்குரிய கண்ணாடி காய்ச்சுதலிற் சில யாண்டுகள் பயனின்றிக் கழிந்தன.

இதே வினாவை ஆராய்ந்த கொலாடன் என்னும் ஜெனிவா நகரத்தார் கதை இரங்கத்தக்கது. 1825-இல் அவர் கம்பிச்சுருளினுள்ளே பெரிய காந்தத்தைச் செருகிப் பார்த்தனர். காந்தம் ஊசியை நேரே இழுத்துவிடலாகாதே என்று, ஊசிப் பொறியை அடுத்த அறையில் வைத்திருந்தனர். காந்தத்தைச் செருகிவிட்டு அவ்வறைக்கு நடந்து சென்று பார்த்தால் ஊசி அசையாது நின்றது. அவர் நடந்து செல்லும் அச்சில நொடிகளிலேயே ஊசி அசைந்து அடங்கிவிட்டது. அருகே ஓர் ஏவலாளை நிறுத்தியிருப்பாரேல், இன்று யாம் வேறொருவர் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்போம்.

1831 ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் பாரடே எடுத்துக்கொண்டது ஓர் இரும்பு வளையம். குறுக்களவு ஆறு அங்குலம். கனம் ஓர் அங்குலத்திற்குச் சிறிது குறைவு. அதன் ஒரு பாதியிற் செப்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றினர். மறு பாதியில் வேறொரு கம்பியைச் சுற்றினர். அக்காலத்தில் உறையிட்ட கம்பி கடையிற் கிடைப்பதன்று. ஆகவே சுற்றுக்குச் சுற்று நூற்கயிறும், அடுக்குக்கு அடுக்குத் துணியும் இட்டு ஒன்றை ஒன்று தீண்டாதபடி காத்தனர். இரு கம்பிகட்கும் இடையே தொடர்பு யாதொன்றும் இல்லை. இரண்டாவது கம்பியின் முனைகளை ஒரு காந்த ஊசியின் அருகே கொண்டுசென்று, முதற் கம்பியை மின்கல அடுக்கோடு இணைத்தனர். ஊசி துடித்து, ஆடி, தன் நிலையில் அடங்கியது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது, ஊசி அசையவில்லை. இணைப்பை அறுத்தனர், ஊசி மீண்டும் துடித்தது.

ஓடுகின்ற மின்சாரத்தின் பயனை நாடியவர்கள் அனைவரும், அது ஓடும் பொழுதையே நோக்கியிருந்தனர். பயனோ அது தொடங்குங் கணத்திலும் முடியுங் கணத்திலும் ஒளிந்திருந்தது. நிலைத்த காந்த வலிமை எத்துணைப் பெரிதாயினும் அப்பாலுள்ள கம்பியில் ஒன்றும் செய்யாது. மாறுகின்ற வலிமையே மின்சாரத்தைத் தூண்டும். இதனையே தூண்டு மின்சாரம் என்பர். அக்டோபர் 17-ஆம் நாள், இரும்பு வளையமும் மின்கலமும் இன்றியே, ஒரு காந்தத்தைச் சுருளினுள்ளே செலுத்தியும் வாங்கியும் ஊசியை ஆட்டினர். நவம்பர் 24-ஆம் நாள் இவை ராயல் சொஸைட்டியிற் படிக்கப்பட்டன.

அக்கட்டுரையிற் கண்ட ஒரு சிறு சோதனையைப் பலர் கருதாது விடுகின்றனர். எமக்கோ அதுவே மிகவும் இனியது. இரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து செல்லும்படி நீட்டிய கம்பி. ஒன்றில் மின்சாரம் ஓடும். மற்றொன்று ஊசியோடு இணைந்திருக்கும். ஒரு பலகையை மற்றதன் அருகே கொணர்ந்தால் ஊசி ஒருபுறம் சாயும். அகற்றினால் எதிர்ப்புறம் சாயும். இடையில் இரும்பில்லை, வெற்றிடைவெளியே உண்டு. சவரக் கருவியின் பீடத்திற்கு நேர் முன்னோர் அப்பலகைகளே என்போம்.

பாரடே கையாற் செய்த மாற்றத்தை இக்காலப் பீடம் தானே செய்கின்றது. சுவரினின்றும் வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. பீடத்தினுள் உள்ள மின்னணுச் சுற்று அதனை நொடிக்குப் பல்லாயிர முறை ஊசலாடுமாறு செய்து ஒரு சுருளினுள் விடுக்கின்றது. அதனால் எழுந்து எழுந்து மாறுங் காந்த வலிமை, கருவியின் அடியிலுள்ள மற்றொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகின்றது. அவ்வூசலாட்டம் ஒருவழி ஓட்டமாகத் திருத்தப்பெற்று மின்கலத்திற் சேர்கின்றது. இம்முறைக்குக் குறையும் உண்டு. சுருள்கள் சிறிது விலகினும் வலிமை விரைந்து குன்றும். ஒரு பகுதி வெப்பமாய் வீணாகும். ஆதலின் இரண்டும் நேர்க்கு நேர் பொருந்துமாறு பீடத்திற் குழியோ குமிழோ அமைப்பர்.

ஜேக்கப் ஷிக் என்னும் அமெரிக்கர் ஆக்கிய மின்சாரச் சவரக் கருவி விற்பனைக்கு வந்தது 1931-இல். அவ்வாண்டிலேயே இலண்டனில் ஆல்பர்ட்டு மண்டபத்திற் பாரடே கண்டதன் நூற்றாண்டு விழாவும் பெருங் கண்காட்சியும் நிகழ்ந்தன. ஷிக்கின் கருவிக்கோ கம்பி வேண்டியிருந்தது. வளையத்தின் இரகசியம் அவ்வீட்டினுட் புகுதற்கு இன்னும் காலம் இருந்தது.

பாரடே உயர் கணிதம் அறியாதவர். காந்தத்தைச் சுற்றி இரும்புப் பொடி வகுக்கும் கோடுகளையே அவர் அகக்கண்ணாற் கண்டு, வெளி வெறுமையன்று, வலிமைக் கோடுகள் நிரம்பியது என்றனர். கணிதர் பலர் அதனைப் பொருட்படுத்திலர். இளைஞராகிய மாக்ஸ்வெல் ஒருவர் 1850-களில் அதனை மதித்தெடுத்துக் கணித மொழியில் ஆக்கத் தொடங்கினர். தம்மினும் நாற்பது யாண்டு இளைய அவர் அனுப்பிய கட்டுரையைக் கண்டு, முதியவர் முதலில் அச்சமும் பின்னர் வியப்பும் கொண்டனராம்.

பொருள் தேடுதற்கு அவர்க்கு வழி இல்லாமற் போகவில்லை. வணிகர்க்கு ஆராய்ச்சி செய்துகொடுத்து 1830-ஐ ஒட்டி ஆண்டொன்றிற்கு ஆயிரம் பவுன் அளவில் ஈட்டியவர், தூண்டு மின்சாரம் கைவந்த பின்னர் அதனைப் பெரிதும் கைவிட்டனர். தாம் கண்டதற்குக் காப்புரிமையும் நாடிலர். அவரும் மனைவியார் சாராவும் சார்ந்திருந்த சாண்டிமேனியர் என்னும் சிறு கிறித்தவச் சபை, பொருள் குவித்தலைத் தகாதென விலக்கியது. ஆயினும் அச்சபையும் அவரை 1844-இற் சிறிது காலம் புறத்தே நிறுத்திப் பின்னரே சேர்த்துக்கொண்டது. வீரத்திருப் பட்டத்தையும், ராயல் சொஸைட்டித் தலைமையையும் வேண்டாவெனக் கூறி, வெறும் பாரடேயாகவே இருந்தனர். அவர்கட்கு மக்கட்பேறு இல்லை. ஆயின் சிறுவர்க்கெனக் கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் பல தலைமுறைச் சிறுவரை அறிவியற்கு ஈர்த்தன. மெழுகுதிரியைப் பற்றி 1860-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வரிசையே கடைசி.

1840-ஐ ஒட்டியே அவர் நினைவாற்றல் தளரத் தொடங்கிற்று. செய்த சோதனையையே மறந்து திரும்பச் செய்யத் தொடங்கும் நிலையும் வந்தது. ஆதலின், முதலிலிருந்தே பழகிய வண்ணம், ஒவ்வொன்றையும் எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதி, அக்குறிப்பேட்டையே தம் நினைவாக வைத்துக்கொண்டனர். அந்நிலையில் இருந்தே 1845-இல் ஒளியின் தன்மையைக் காந்தம் மாற்றுதலையுங் கண்டனர் என்பது நினைக்குந்தோறும் வியப்பாகின்றது. 1858-இல் விக்டோரியா அரசியார் ஹாம்ட்டன் கோர்ட்டில் ஒரு வீடு அளித்தனர். அங்கே 1867 ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தனர். உடல் ஹைகேட் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது. வளையம் ராயல் இன்ஸ்டிடியூஷனிற் காக்கப்பட்டுவருகின்றது. அவர் தம் கையாற் சுற்றிய துணியும் கயிறும் இன்னும் அதன்மேல் உள்ளன.