கல்லையும் உராய்வையும் அளந்த கூலூம்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கூலூம் என்றால் மின்னூட்டத்தின் அலகு. தேர்வுக்கு அதுவே போதும். ஆனால் சிவகாசி வட்டாரத்தில் பிறந்தவனுக்கு உராய்வை அளந்த கூலூமே பெரியவர். தீக்குச்சி உரசினால்தான் எங்களுக்குப் பிழைப்பு. பட்டாசு மருந்து உரசினாலோ உயிர்ச்சேதம். தீப்பெட்டி ஒட்டியே என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய என் தாயார் இதை எந்தப் பாடநூலிலும் படித்தவரல்லர்.

சார்லஸ் அகஸ்டின் கூலூம் 1736-இல் பிரான்சு நாட்டில் அங்கூலேம் நகரில் பிறந்தார். இராணுவப் பொறியாளராகி, 1764-இல் மார்ட்டினிக் என்னும் எரிமலைத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே போர்பன் கோட்டையைக் கட்டுவதில் எட்டாண்டுகள் கழிந்தன, உடல்நலமும் கெட்டது. ஆயினும் மதில் எப்போது சரியும், கல் எச்சுமையில் உடையும் என்னும் கேள்விகளோடு அவர் தாயகம் திரும்பினார்.

1773-இல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் தம் விடையைப் படித்தார். கல் பிளந்து வழுக்குவதைத் தடுப்பவை இரண்டு: ஒன்று, கல்லின் உட்பிணைப்பு; மற்றது, அழுத்தும் விசைக்கேற்ப வளரும் உராய்வு. இன்றும் ஆய்வுக்கூடத்தில் பாறைத் துண்டை இயந்திரத்தில் வைத்து நொறுக்குவோர் இவ்விரண்டையுமே கணக்கிடுகின்றனர். மகாராட்டிரத்தில் கோய்னா அணைப் பகுதி 1967 டிசம்பர் 11-இல் பெரும் நிலநடுக்கத்தால் அதிர்ந்தது. அங்கே மேலே கிடப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட், அதனடியில் கருங்கல். நீர்த்தேக்கத்தின் நீரழுத்தம் ஆழத்துப் பிளவுகளில் பரவினால், இருபுறப் பாறையும் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறையும், உராய்வும் குறையும், பாறை வழுக்கும். கூலூமின் கணக்கு அங்கும் செல்லுகிறது!

பின்னர் ரோஷ்போர் கப்பல் துறையில் பலகைமேல் பாரமேற்றி இழுத்துப் பார்த்து, 1781-இல் கழகத்தின் பரிசைப் பெற்றார். மரத்தின்மேல் மரம் நெடுநேரம் கிடந்தால் அதை அசைக்க அதிக விசை வேண்டும் என்று கண்டார். பாறைக்கும் இது பொருந்தும் என்பதை ஏறத்தாழ இருநூறாண்டு கழித்து, 1972-இல், அமெரிக்கர் டீட்ரிச் சோதனையில் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1783-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பிரிட்டனி மாநிலத்துக் கால்வாய்த் திட்டம் செலவுக்குத் தகாதென்று கணக்கிட்டுச் சொன்னார். மேலிடத்துக்கு அது கசந்தது. ஒரு வாரம் சிறையிலிருந்தார். அளந்த அளவை மாற்றிச் சொல்லவில்லை.

முறுக்குத் தராசும் மின்விசை விதியும் 1785-இல் வந்தன. அவற்றை நாம் எல்லோரும் அறிவோம். புரட்சிக் காலத்தில், 1793-இல், அறிவியற் கழகமே மூடப்பட்டது. அவர் புளுவா அருகே சிற்றூருக்கு ஒதுங்கினார். 1802 முதல் பொதுக்கல்வி ஆய்வாளராக, நலிந்த உடலோடு அரசுப் பள்ளிகளை அமைக்கும் பணியில் ஈடுபட்டு, 1806 ஆகஸ்டு 23-இல் பாரிசில் காலமானார்.