மாளிகை தந்தார், மாலைப் பொழுதைப் பறித்தார்!

அமெரிக்க நாட்டிலே, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பிராடக் என்னும் ஆலை ஊரிலே, 1889-ஆம் ஆண்டு ஒரு நூலகம் திறக்கப்பட்டது. கோட்டை போன்ற கற்கட்டடம். மேலே அடுக்கடுக்காக நூல்கள். கீழ்த்தளத்திலே குளியலறைகள்! எஃகு உலையிலே வெந்து, கரியும் புழுதியும் படிந்த மேனியோடு வருகிற பாட்டாளி, உடலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. சில ஆண்டுகளிலே இசை மண்டபமும் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் சேர்ந்தன.

கட்டிக் கொடுத்தவர் ஆண்ட்ரு கார்னெகி. அந்த ஊர் எஃகாலையின் அதிபர்.

முந்தின ஆண்டிலே அதே ஆலையிலே நடந்தது என்ன? எட்டு மணி நேர வேலை இருந்தது அங்கே. அதை ஒழித்துப் பன்னிரண்டு மணி நேரம் என்றார் அதே கார்னெகி. ஆகாது என்ற தொழிலாளரை வெளியே நிறுத்தி ஆலைக் கதவு அடைக்கப்பட்டது. ஆயுதம் தாங்கிய கூலிக் காவலர் வந்தனர். சங்கம் உடைந்தது. 1888-லே பன்னிரண்டு மணி, 1889-லே நூலகம்! வா, வந்து படி என்று ஒரு கை அழைக்கிறது. படிக்கும் பொழுதை மற்றொரு கை பிடுங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒருவர் கைகளே.

கல் நெஞ்சர், படிப்பின் அருமை அறியாத பணமூட்டை என்று அவரை ஒதுக்கிவிட முடியுமானால் கதை எளிதாக முடிந்துவிடும். அதுதான் முடியவில்லை. ஏழைச் சிறுவனுக்கு ஏடு எத்தனை அரிய பொருள் என்பதை அவரைப் போல் அறிந்தவர் சிலரே.

1835-இல், ஸ்காட்லாந்திலே, டன்பர்ம்லின் ஊரிலே பிறந்தவர். தந்தை வில்லியம் கைத்தறி நெசவாளி. கைத்தறியாளர் குடும்பம் என்றால் நமக்கு விளக்கமும் வேண்டுமோ! நீராவித் தறி வந்தது, கைத்தறி ஓய்ந்தது, அடுப்பும் அணையும் நிலை. தாய் மார்கரெட் செருப்புத் தைத்தும் சிறு கடை நடத்தியும் குடும்பத்தைக் காத்தார். அந்த வறுமையிலும் அவ்வூர் நெசவாளர் செய்த ஒரு செயலை மறக்கலாகாது. தத்தம் வீட்டிலிருந்த நூல்களை ஒன்று சேர்த்து, ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துப் படிக்க வழி செய்தனர். அந்த முயற்சியிலே வில்லியமும் ஒருவர். எந்தச் சீமானும் தராத நூலகம் அது!

1848-இல், கடன் வாங்கிக் கப்பலேறினர். பிட்ஸ்பர்க்கின் எதிர்க்கரையிலே அலெகெனி என்ற ஊரில் குடியேறினர். பதின்மூன்று வயதுப் பாலகன் பஞ்சாலையிலே நூற்கட்டை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான். விடியுமுன் போய், இருட்டிய பின் திரும்புவான். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி நிலையத்திலே சேதி கொண்டுபோகும் பையன்.

அந்த ஊரிலே கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு பெரியவர். தம் வீட்டிலிருந்த ஏறத்தாழ 400 நூல்களை வேலைக்குப் போகும் சிறுவர்களுக்காகத் திறந்துவிட்டார். சனிக்கிழமை தோறும் வந்து ஒரு நூல் எடுத்துப் போகலாம். அடுத்த வாரம் கொடுத்துவிட்டு வேறொன்று பெறலாம். ஆறு நாள் உழைப்பையும் அந்த ஒரு நாளை எண்ணியே தாங்கினான் சிறுவன் ஆண்ட்ரு. பின்னர் அந்த நூலகம் பெரிதாயிற்று, நிர்வாகிகள் வந்தனர், நிர்வாகிகள் வந்தால் விதிகளும் வருமே! முறைப்படி தொழில் பழகும் சிறுவருக்கு மட்டுமே இலவசம், மற்றவர் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்றனர். தந்திப் பையனுக்கு வழி அடைபட்டது. அழுதுகொண்டு வீடு திரும்பினானா? இல்லை! 1853-இல், பதினேழாம் வயதிலே, நாளேட்டுக்குக் கடிதம் எழுதினான், உழைக்கும் சிறுவன் என்ற புனைபெயரிலே. வாதாடினான், விதி தளர்ந்தது. அவன் வாழ்நாளின் முதற் கிளர்ச்சி, நூலகத்தின் கதவைத் திறக்கச் சொல்லி நடத்திய கிளர்ச்சி!

அந்தச் சிறுவன் எங்கே போனான்?

ரயில் கம்பெனியிலே உயர்ந்தான், பங்குகளிலே பணம் பண்ணினான், 1875-லே பிராடக் எஃகாலை ஓடத் தொடங்கியபோது முதலாளி ஆகியிருந்தான். 1886-இல் பத்திரிகையிலே கட்டுரை தீட்டித் தொழிலாளருக்குச் சங்க உரிமை உண்டு என்றார் கார்னெகி. ஆறே ஆண்டு கழித்து, 1892-லே, ஹோம்ஸ்டெட் ஆலையிலே என்ன நடந்தது? கூலிக் குறைப்பை ஏற்கவில்லை சங்கம். கார்னெகி ஸ்காட்லாந்திலே ஓய்விலிருந்தார். ஆலையை நடத்திய பிரிக் என்பவரோ கதவடைத்தார், முதலாளியின் முழு ஆதரவோடு. ஜூலை 6-இல், பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிப்படையினர் 300 பேர் ஆற்று வழியே வந்திறங்கினர். துப்பாக்கி வெடித்தது. இரு தரப்பிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதன்பின் மாநிலப் பட்டாளம், 8,000 பேருக்கு மேல். கருங்காலிகளை வைத்து ஆலை ஓடிற்று. சங்கம் மாய்ந்தது.

ஆறு ஆண்டுகள் சென்றன. 1898-லே ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்கும் ஒரு நூலகம் வந்தது! இசை மண்டபம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. 1910-இல் மார்கரெட் பையிங்டன் என்ற அம்மையார் அவ்வூர்க் குடும்பங்களை வீடு வீடாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன் நின்றவன் வீடு திரும்பினால், உண்டு உறங்குவதற்கே அவன் உடலிலே தெம்பிருக்கிறது என்ற நிலையை அதிலே காட்டினார். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை; மாறும் நாளிலே தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம்! ஏட்டைத் திறந்தால் இமை மூடாதோ?

ஆனாலும் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு அந்த நூலகங்கள் செய்த பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிட்ஸ்பர்க் பெரு நூலகம் 1895-லே திறந்தது. சிறுவர்களுக்கெனத் தனி அறை, கதை சொல்லும் நேரம், நூலகத்துக்கு வர இயலாத பிள்ளைகளின் தெருவுக்கே பெட்டியிலே நூல்களை அனுப்பி, ஒரு வீட்டிலே கூட்டிவைத்துப் படிக்கச் செய்யும் ஏற்பாடு — இத்தனையும் அங்கே நடந்தன. சிறுவர் நூலகப் பணிக்கென்றே 1901-இல் ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினர்.

1901-லே ஆலைகளை 48 கோடி டாலருக்கு விற்றார் கார்னெகி. பிறகு நூலகத் தானம் பெருவெள்ளமாயிற்று. உலகெங்கும் 2,509 நூலகங்கள் அவர் பணத்திலே எழுந்தன. அதிலே ஒரு நிபந்தனை: கட்டடச் செலவு அவருடையது, இடம் ஊராருடையது, ஆண்டு தோறும் தொகையிலே பத்திலொரு பங்கை வரிப்பணத்திலிருந்து செலவிட ஊர் உறுதி தர வேண்டும். 10,000 டாலர் பெற்ற ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர் ஒதுக்க வேண்டும். நூலுக்கும் நூலகர் சம்பளத்துக்கும் விளக்குக்கும் ஊரே பொறுப்பு. வாசலிலே கார்னெகியின் பெயர்; உள்ளே எரிந்த விளக்கோ ஊராரின் வரிப்பணம்!

வரி எல்லோரும் கட்டினர். வாசல் எல்லோருக்கும் திறந்ததா? அட்லாண்டா நகரிலே 1902-இல் திறந்த கார்னெகி நூலகத்திலே கருப்பருக்கு இடமில்லை. பேரறிஞர் டுபாய்ஸ் மற்றவரோடு சென்று, எங்கள் வரியும் இதிலே இருக்கிறதே என்று நியாயம் கேட்டார். மறுத்தனர். அங்கே கருப்பருக்கென ஒரு கிளை திறக்க 1921 வரை ஆயிற்று.

தானம் என்றதும் எல்லா ஊரும் தலை வணங்கிவிடவில்லை. மேற்கு வர்ஜீனியாவிலே வீலிங் நகரம். 75,000 டாலர் தருவதாகச் சொன்னார் கார்னெகி. தொழிற்சங்கத்தார் தெருத் தெருவாகச் சென்று எதிர்த்தனர். ஹோம்ஸ்டெட்டில் சிந்திய இரத்தத்தை ஊருக்கு நினைவூட்டினர். 1904 ஜனவரியிலே வாக்கெடுப்பு நடந்தது. திட்டம் தோற்றது! நூலகம் வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்ல அவர்கள். நூலகம் வேண்டும், அதை எங்கள் பணத்திலேயே கட்டிக்கொள்வோம் என்றவர்கள். பின்னர் அவ்வாறே கட்டிக்கொண்டார்கள்.

அதே 1904-லே, அலெகெனி நூலகத்தின் அருகே, கர்னல் ஆண்டர்சனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார் கார்னெகி. நன்றி மறவாதவர்தான், ஐயமில்லை. அச்சின்னத்திலே ஒரு வெண்கலச் சிலை உண்டு. சட்டையில்லாத உழைப்பாளி ஒருவன், கொல்லன் பட்டடை மேலே அமர்ந்து, ஏட்டைப் படித்துக்கொண்டிருக்கிறான். வெண்கலத் தொழிலாளிக்கு நேரம் இருந்தது!

1919 ஆகஸ்ட் 11-இல் கார்னெகி மறைந்தார். அடுத்த மாதமே நாடெங்கும் எஃகுத் தொழிலாளர் இலட்சக்கணக்கிலே வேலை நிறுத்தம் செய்தனர். எட்டு மணி நேர வேலை அவர்கள் கோரிக்கைகளிலே ஒன்று. 1920 ஜனவரியிலே அது தோல்வியிலே முடிந்தது. கார்னெகியிடமிருந்து ஆலைகளை வாங்கிய கம்பெனி, பன்னிரண்டு மணி நேர வேலையைக் கைவிட்டது 1923-லேதான். பிராடக் நூலகம் திறந்து அப்போது முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.