அணுக்களின் ஒழுங்கைக் கண்ட ஜி. என். இராமச்சந்திரன்

கட்டளையிடுவார் இல்லாமல் ஒழுங்கு பிறக்குமா? தீபாவளி சமயத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். பிறர்மேல் இடிக்கக் கூடாது என்று அவரவர் விலகி நடக்க, போவோர் ஒரு வரிசையும் வருவோர் ஒரு வரிசையுமாகத் தாமே பிரிந்து விடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத அணுக்களிடமும் இத்தகைய ஒழுங்கு உண்டெனக் காட்டியவர் விஞ்ஞானி ஜி. என். இராமச்சந்திரன்.

இவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் மாணவரானார். பின்னர் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ந்தார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு அதனை ஆராய்ந்தார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அது முப்புரிக் கயிறு போன்றது என்று வெளியிட்டார்.

அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் என்னும் மேல்நாட்டு அறிஞர்கள் குறை கூறினர். இராமச்சந்திரன் மனம் தளரவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பக் கூடியது. ஆனால் அணுக்கள் மோதாதிருக்க வேண்டுமென்றால், பெரும்பாலான திருப்பங்கள் இயலாதவை, எஞ்சியவை சிலவே. அந்தச் சிலவற்றிலிருந்தே சுருள்களும் மடிப்புகளும் அமைகின்றன. இதை 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வரைபடமாக வெளியிட்டார். கொலாஜன் அமைப்பின் நுணுக்கங்களைப் பிறர் பின்னர் திருத்தினாலும், முப்புரிக் கருத்து நிலைத்தது. வரைபடமோ இன்றும் உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரியானதா என்று அதைக் கொண்டே சோதிக்கின்றனர்.

1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. முதுமையில் நோயுற்ற இவர், 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் காலமானார்.

பிறர் சுட்டிய குறையே இவருடைய பெரும் கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று. ஒருவர்க்கொருவர் இடமளித்தால் ஒழுங்கு தானே மலரும் என்பதை அணுக்கள் நமக்குக் கற்பிக்கின்றன. மாணவிகளாகிய நாம் அதை வகுப்பறையிலும் இல்லத்திலும் கடைப்பிடிப்போமாக!