இதயத் துடிப்பை மீட்டவர்

புதுதில்லி கோல் மார்க்கெட்டின் வட்டக் கட்டடத்திலிருந்து சிறிது தொலைவில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை அமைந்துள்ளது. அங்கு இதய மருத்துவம் நாடி வருவோருள் சிலர் தோளுக்குக் கீழே, தோலினுள் ஒரு சிறு கருவியைத் தாங்கி வாழ்பவர்கள். தாளம் தவறும் இதயத்தை நெறிப்படுத்தும் அக்கருவியைப் பேஸ்மேக்கர் என்பர். அக்கருவி வளர வழிவகுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டன் லில்லெஹை.

லில்லெஹை 1918 அக்டோபர் 23 அன்று மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1950ஆம் ஆண்டு அவரையே புற்றுநோய் தாக்கியது. கடும் அறுவைக்குப் பின் உயிர் மீண்ட அவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், பிறவியிலேயே இதயத்தில் துளையுள்ள குழந்தைகளைக் காக்கும் பணியில் முனைந்தார்.

துளையைத் தைத்து மூடும்போது ஓர் இடர் நேர்ந்தது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பாணையைக் கொண்டு செல்லும் மெல்லிய பாதை அத்துளையின் அருகிலேயே செல்கிறது. தையல் ஊசி அதில் பட்டுவிட்டால் ஆணை தடைப்படும், துடிப்பு தளரும். அறுவையில் பிழைத்த குழந்தைகள் இதனால் இறந்தனர். மார்பின்மேல் மின்னதிர்ச்சி தரும் முறை அப்போது இருந்தது. ஆயினும் அதன் வலியைக் குழந்தைகளால் தாங்க இயலவில்லை.

இதயத் தசையிலேயே மெல்லிய கம்பியைத் தைத்து, சிறிதளவு மின்சாரம் செலுத்தலாம் என்னும் எண்ணம் எழுந்தது. லில்லெஹையின் குழுவினர் அதனை முதலில் நாய்களிடம் ஆய்ந்தனர். துடிப்பு குன்றிய நாய்களின் இதயம் சீராக இயங்கியது. 1957 சனவரி 30 அன்று அம்முறை முதன்முறையாக ஒரு குழந்தைக்குப் பயன்பட்டது.

எனினும் குறை ஒன்று எஞ்சியது. கருவி சுவரிலுள்ள மின்னிணைப்பைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று நகரில் மின்தடை ஏற்பட்டபோது, அக்கருவியை நம்பியிருந்த குழந்தைகளின் உயிர் ஊசலாடியது. லில்லெஹை, மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த எர்ல் பேக்கன் என்னும் பொறியாளரை நாடினார். பேக்கன் நான்கே வாரங்களில் மின்கலத்தால் இயங்கும், கையடக்கமான கருவியை உருவாக்கினார். அதுவும் முதலில் ஒரு நாயிடமே ஆய்ந்து பார்க்கப்பட்டது. மறுநாள் மருத்துவமனைக்கு வந்த பேக்கன், அக்கருவி ஒரு குழந்தையின் இதயத்தை இயக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தார். ஆய்வில் தேறிய கருவியை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காத்திருக்க லில்லெஹை விரும்பவில்லை.

உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையை 1967இல் செய்த கிறிஸ்டியான் பர்னார்டு அவரிடம் பயின்றவர். 1999 சூலை 5 அன்று லில்லெஹை மறைந்தார். மருத்துவரின் பெயரை வரலாறு பேணுகிறது. அவருடைய ஆய்வுக்கூடத்து நாய்களுக்குப் பெயரில்லை. ஆயினும் இன்று சீராகத் துடிக்கும் ஒவ்வோர் இதயமும் அவற்றுக்கும் கடன்பட்டுள்ளது.

சொற்பொருள்: இடர் – துன்பம், குன்றிய – குறைந்த, மின்கலம் – பேட்டரி, பேணுதல் – காத்தல்.

வினாக்கள்
1. அறுவையின்போது துடிப்பு தளர்ந்தது ஏன்?
2. மின்தடை எப்புதிய கருவிக்கு வழிவகுத்தது?
3. மருத்துவ ஆய்வில் விலங்குகளின் பங்கு குறித்து உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.