புனிதையைப் பெற்ற தாய்

இத்தாலி நாட்டுப் புனித மரிய கொரற்றியை அறியாத தோழியர் நம்மில் இலர். 1890-ல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவள். 1900-ல் தந்தை மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியாக, தாய் அசுந்தா வயல் வேலைக்குப் போனாள். வீட்டு வேலையும் தம்பி தங்கையரும் மரியாவின் பொறுப்பாயின. அதே வீட்டில் குடியிருந்த மற்றொரு குடும்பத்து வாலிபன் அலெக்சாந்தர், தன் தீய ஆசைக்கு அவள் இணங்காததால் 1902 ஜூலை 5-ம் நாள் அவளை 14 முறை குத்தினான். மறுநாள் நெத்தூனோ மருத்துவமனையில், அவனும் தன்னோடு மோட்சத்தில் இருக்க விரும்புவதாகக் கூறி, மன்னித்து உயிர் நீத்தாள். அப்போது 12 வயதுகூட நிரம்பவில்லை.

மகளின் மன்னிப்பைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். தாயைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. மகள் மறுநாளே விண்ணகம் சேர்ந்தாள். அசுந்தாவோ அந்த இழப்போடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவேண்டியிருந்தது.

27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வெளிவந்த அலெக்சாந்தர், பின்னொரு நாள் கொரினால்தோ ஊருக்கு அவளைத் தேடி வந்து, மன்னிப்புக் கேட்டு நின்றான். சட்டம் அவனைத் தண்டித்து முடித்தாயிற்று. ஆனால் பெற்ற வயிறு? மரியாவே மன்னித்துவிட்டாள், தான் மறுப்பது எப்படி என்பதுதான் அத்தாயின் பதில். ஊரார் பார்த்திருக்க, திருப்பலியில் இருவரும் அருகருகே இருந்து நற்கருணை வாங்கினர்.

1950 ஜூன் 24 அன்று உரோமையில் மரியாவுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டதை அசுந்தா கண்ணாரக் கண்டாள். 1954-ல் இறந்தாள். அலெக்சாந்தர் கப்புச்சின் துறவியரின் மடத்தில் தோட்ட வேலை செய்து வாழ்ந்து, 1970-ல் கண்மூடினான்.